புளி போட்டுத் தேய்த்த இரும்புச்சட்டை

என் தங்கை கழுத்தில் தாலியையும் என் தலையில் தீராத தலைவலியையும் ஒரே முகூர்த்தத்தில் கட்டிய என் அன்பு மச்சான் முனிரத்தினத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ போன இடத்தில் கமிட்டி எதுவும் இருக்காது, அதனால் நலமாகத்தான் இருப்பாய். இங்கே ஒருவழியாக எல்லை போட்டு முடித்துவிட்டார்கள். திருத்தணி தமிழ்ப் பக்கம் போயிற்று, நாகலாபுரம் ஆந்திரப் பக்கம் வந்தது, நம் சித்தூர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நீ எழுதின போர்டுகளை அழித்துவிட்டு எவனோ மேலே எழுதியிருக்கிறான். காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி ஒரு எழுத்தும் நேராக நிற்கவில்லை. தினமும் நான் கண்டக்டராகப் போகிற பஸ் அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

இதைச் சொல்லவா காகிதத்தை எடுத்தேன்? உன் விஷயம் ஒன்று நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் அந்தப் பெரிய மனிதர்களும் இருந்தால் இன்னும் நல்லது.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்வதற்கு மன்னித்துக்கொள். ஒட்டுக் கேட்பவர்களுக்குத் தெரியாதே. பகலெல்லாம் கடைக்கு போர்டு எழுதுகிறவன், சாயங்காலம் ஆனால் சீமைச் சிப்பாய் செய்வான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தலையிலிருந்து கால்வரை இரும்புச்சட்டை போட்டுக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் சந்து விட்ட தொப்பியோடு நிற்கிற சிப்பாய். ஒரு பழைய பிஸ்கட் டப்பா மூடியில் அவன் படம் இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊருக்குப் போகும்போது தூக்கிப் போட்ட டப்பா அது. மற்றவன் என்றால் அதில் உப்பு போட்டு வைத்திருப்பான். நீ அந்த மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தாய்.

என்ன கண்டுபிடித்தாய் என்றால், அந்தத் தகரத்தின்மேல் அச்சடித்த மை கண்ணாடி மாதிரி மெல்லியது, கீழே இருக்கும் தகரம்தான் அதற்குள்ளிருந்து மின்னுகிறது என்று. அவ்வளவுதான், பைத்தியம் முற்றிவிட்டது. வெட்பாலைக் கட்டையில் சிப்பாயைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு இழைத்து, முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளிப் பொடி, அதன்மேல் அரக்கு வார்னிஷில் சாயம் ஒரு சொட்டு கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. சாயாமல் நிற்கட்டும் என்று பீடத்தைக் குடைந்து ஈயம் ஊற்றினாய். நிறம் சரியாக வரவேண்டும் என்று கொல்லுப் பட்டறை வாசலில் போய் நின்றாய். காய்ச்சிய உளி ஆறும்போது வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடுமே, அதை உன் சிப்பாயின் தோள்பட்டையில் ஓடவிட்டாய்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. "இன்னா மச்சான், நம்மூரு வெயில்ல இவனுங்களுக்கு இரும்புச்சட்ட ஒரு கேடா?" என்று கேட்டேன்.

நீ தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாய். "அவனுங்க ஊரு குளிரு மச்சான். ஆனா சண்டன்னு வந்தா அங்கயும் வேர்க்கும். வேர்த்தா கழுத்தாண்ட துரு ஏறும். அத்த வுட்டுட்டா மீதி எல்லாம் பொய்யி."

கழுத்தில் துரு. கேடயம் பிடிக்கிற கைப்பக்கம் மட்டும் வெட்டுக்காயம். முழங்கால் மடங்குகிற இடத்தில் தேய்ந்து பளபளப்பு. ஒரு கோட்டுக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருப்பாய். பார்க்க வந்த வெல்ல மண்டிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா, ஞாபகம் இருக்கிறதா? "தங்கக் கலர் அடிச்சிடய்யா, கும்முனு இருக்கும்!" வெல்லத்தையே எடை போட்டு எடை போட்டு அந்த மனுஷனுக்கு எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும் போல. நீ சிரித்து மழுப்பினாய். நான் என்றால் அப்போதே வாசலைக் காட்டியிருப்பேன்.

அந்த மனுஷன்தான் திருப்பதிக் கண்காட்சிக்குத் தலைவர். ஆந்திர ராஜ்யம் வந்த புதிது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிக் கைத்தொழில் கண்காட்சி போட்டார்கள். உன் சிப்பாய்களை வைக்கோலில் சுற்றி என் பஸ்ஸில், நான் உட்காருகிற இடத்தில் வைத்து, நான் நின்றுகொண்டே கொண்டு போனேன். ஒருவனை மட்டும் நீ வீட்டிலேயே விட்டுவிட்டாய். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற குண்டன். மீசை, மூக்கு, முறைப்பு எல்லாம் என் மூஞ்சி. "எங்க அண்ணன சந்தைல வச்சி எல்லாரும் சிரிக்கணுமா?" என்று சம்பூர்ணம் தடுத்துவிட்டாள். என் தங்கை செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இப்போது படுகிறது.

நீதிபதிகளைச் சொல்ல வேண்டுமே! மண்டிக்காரர் ஒருவர். பென்ஷன் வாங்குகிற பழைய தாசில்தார் ஒருவர். மூன்றாவது ஆள் ஆர்மோனியம் கற்றுக்கொடுப்பவர், ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியாது. தாசில்தார் உன் சிப்பாயைத் தூக்கிப் பார்த்தார், கனத்தது. ஈயம் கனக்காமல் பஞ்சா கனக்கும்? மோதிரத்தால் பீடத்தைத் தட்டிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்து, "ஜில்லுனு இருக்கே, இது இரும்பேதான்" என்றார். மனுஷனுக்குக் கன்னத்திலும் பென்ஷன் ஆகிவிட்டது.

பிறகு கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னார்கள். இது வர்ண வேலை இல்லை, சீமையில் வார்த்த இரும்பு பொம்மை. எங்கேயோ வாங்கி வந்து தன் பேரைப் போட்டுக்கொண்டிருக்கிறான். மண்டிக்காரர் தன் பங்குக்கு, "நீ பண்ணதுன்னா ஒண்ண சொரண்டிக் காட்டு. உள்ள கட்டை இருந்தா மெடல் உனக்கு" என்றார்.

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஒரு பேனாக்கத்தி, ஒரு இழுப்பு, முடிந்தது வேலை. ஆனால் நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "சொரண்ட மாட்டங்க. வேணும்னா வூட்டுக்கு வாங்க, ஒங்க எதுர்லயே ஒண்ணு பண்ணிக் காட்றன்" என்றாய்.

உன் வீட்டில் வந்து மாதக் கணக்கில் உட்காருவதற்கு அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? நீ சுரண்ட மாட்டேன் என்றதும் திருடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரிக்க வேண்டும் என்று சொல்லி சிப்பாய்களைத் தலைவரே எடுத்துக்கொண்டார். முதல் பரிசு எதற்குப் போயிற்று தெரியுமே? சிமெண்டில் செய்த மாம்பழக் கூடை. மாம்பழம் மாதிரியும் இல்லை, கூடை மாதிரியும் இல்லை. அதற்கு மாலை போட்டுக் கைதட்டினார்கள், நானே பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். டிக்கெட் கொடுத்துக்கொண்டே திட்டினேன், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி ஏறித் திட்டினேன். "ஒரு கீறல்ல இன்னாடா போய்டும்? உன் பேரு முழுசா போச்சேடா!"

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "எவன் எவனுக்கு எங்க காயம் படணும்னு நான் பாத்து வச்சிகீறன் மச்சான். அதுக்கு மேல ஒரு காயம் அவனுங்களுக்குக் கெடையாது."

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

சித்தூருக்கு வந்தால் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. எல்லைச் சண்டை உச்சியில் இருந்த நேரம் அது. அச்சாபீஸ்காரர் நோட்டீஸ் அடிக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார். தமிழன் என்பதால் பரிசு மறுத்தார்கள் என்று மேடை போட்டுச் சொல்லப் போகிறாராம். நீ மேடையில் ஏறி, வீட்டில் மிச்சமிருக்கிற அந்தக் குண்டனைச் சுரண்டிக் காட்டினால் போதுமாம், ஜனம் கொதித்துவிடுமாம். இவருக்கும் கத்திதான் வேண்டும்! நீ மாட்டேன் என்றாய். உடனே இனத் துரோகி ஆனாய். அந்தப் பக்கம் "தமிழன் செஞ்ச மோசடிய பாரு" என்றார்கள், இந்தப் பக்கம் "மோசடிதான், அதான் மேடைக்கு வரல" என்றார்கள். எந்த ஊர் யாருக்கு என்பதில் ஒரு நாளும் ஒத்துப்போகாத ஜென்மங்கள், உன்னைத் திருடன் என்பதில் மட்டும் உடனே ஒத்துப்போயின.

'டூப்ளிகேட் முனிரத்தினம்' என்று பேர் வைத்தார்கள். போர்டு எழுதக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் சம்பூர்ணத்தைப் பார்த்து, "உன் தாலியாவது ஒரிஜினலா?" என்று ஒருத்தி கேட்டாள். இவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். எனக்குக் கோபம் அந்தப் பொம்பளைமேல் வரவில்லை, உன்மேல்தான் வந்தது. ஒரு கட்டைப் பொம்மையின் தோளுக்கு இருக்கிற மரியாதை என் தங்கைக்கு இல்லையா என்று கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதன் பிறகு நீ ஒரு சிப்பாயும் செய்யவில்லை. "கை வரல மச்சான்" என்றாய். காமாலை வந்து போய்ச் சேர்ந்தாய். உன்னோடு பாடையில் அந்தப் பேரும் வந்தது.

சரி, இப்போது புது விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை வந்தது. மண்டிக்காரர் வீட்டில் உன் சிப்பாய்கள் எங்கே இருந்தார்கள் என்று நினைக்கிறாய்? கண்ணாடி பீரோவில்! வருகிறவர்களிடமெல்லாம் சீமைச் சாமான் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். திருட்டுப் பொருள் என்று பறித்ததை வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்கிற யோக்கியரைப் பார்த்தாயா?

பூஜைக்கு முதல் நாள் அவர் சம்சாரம் தராசு, படிக்கல், கடப்பாறை, அரிவாள் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பித் தேய்க்க உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு பீரோவில் துருப்பிடித்து நிற்கிற சிப்பாய்கள் கண்ணை உறுத்தியிருக்கிறார்கள். இரும்பு என்றால் அன்றைக்குத் தேய்த்துப் பொட்டு வைக்காமல் விடக்கூடாதே. புளி, சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார். கழுத்துத் துருவில் ஆரம்பித்திருக்கிறார். துரு போயிற்று, வெள்ளி போயிற்று, கறுப்பு போயிற்று. "ஏமண்டி! இதி இனுமு காது, செக்க!" என்று வீடே அதிரக் கத்தியிருக்கிறார். இரும்பில்லையாம், கட்டையாம். அதற்குள் மற்றவர்களையும் சாம்பல் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டாயிற்று.

மண்டி குமாஸ்தா என் பஸ்ஸில் ஏறி இதைச் சொன்னபோது நான் சில்லறையைக் கீழே போட்டேன். சிரித்தேன். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க, விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பார்த்தால் கன்னம் நனைந்திருந்தது. உன் துருவைத் தேய்க்க உட்கார்ந்தார்கள் மச்சான்! அதைவிடப் பெரிய மெடல் எந்தக் கண்காட்சிக்காரன் கொடுப்பான்? அந்த மெடலைக் கொடுத்த கையே உன்னைச் சுத்தமாக அழித்தும்விட்டதே, இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

போன வாரம் கமிட்டி நம் வீட்டுக்கு வந்தது. மண்டிக்காரர் முன்னால், அச்சாபீஸ்காரர் பின்னால். ஆமாம், இரண்டு பேரும் ஒரே ஜட்காவில்! எல்லை முடிந்ததும் இவர்களுக்கு அடித்துக்கொள்ள விஷயம் இல்லை, அதனால் ஒற்றுமை விழா நடத்துகிறார்களாம். அதில் உன் படத்துக்கு மாலை, சம்பூர்ணத்துக்குச் சால்வை, உன் பேரில் இருந்த பழியை மேடையில் வைத்தே நீக்குவது. கையோடு கொண்டு வந்த சால்வையை வைத்துவிட்டு, ஒரு வெல்லக் கூடையைத் திறந்து காட்டினார்கள். உன் சிப்பாய்கள் தோல் உரித்த வேர்க்கடலை மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தார்கள். சம்பூர்ணம் ஒருவனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆனா ஒரு சங்கடம்மா" என்றார் மண்டிக்காரர். "இந்தக் கட்டைங்கதான் அந்த இரும்பு பொம்மைன்னு மேடைல சொன்னா எவன் நம்புவான்? உங்களாண்ட ஒண்ணு மிச்சம் கீதாமே. அத்த பாதி சொரண்டி, பாதி அப்படியே வச்சோம்னா..."

"மார்புல பாதி போதும்" என்றார் அச்சாபீஸ்காரர், நோட்டீஸில் இடம் ஒதுக்குகிற மாதிரி. "நோட்டீஸ்ல படமே போட்டுடலாம்." தயாராகப் பேனாக்கத்தியும் கொண்டு வந்திருந்தார்.

மச்சான், உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு ஆசை வந்தது. என் தங்கை தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். குழாயடிக்காரி வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பொம்மை போனால் என்ன, அதுவும் என் மூஞ்சி வைத்த பொம்மை. பாதி நெஞ்சுதானே?

"குடுத்துடு சம்பூர்ணம்" என்றேன். "மச்சானுக்கு நல்ல பேரு வரட்டும்."

அவள் உள்ளே போனாள். அந்தக் குண்டனைக் கொண்டு வந்தாள். முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள், கமிட்டியின் கைக்குக் கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் காட்டினாள். கழுத்தில் துரு, தோளில் அந்த நீலம், விலாவில் நீயாகப் பார்த்து வைத்த ஒரே ஒரு வெட்டு. மண்டிக்காரரே கிட்டே வந்து குனிந்தார். இத்தனை வருஷம் கழித்து அந்த ஆள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இத்த சொரண்டினாத்தான் எங்க வூட்டுக்காரரு யோக்கியரா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ருசு வேணும்ல, சாட்சி?"

"சொரண்டலைன்னா?"

அவர் அச்சாபீஸ்காரரைப் பார்த்தார். அச்சாபீஸ்காரர் கத்தியை மடக்கி, திறந்து, மடக்கினார். "அப்போ நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்லம்மா. பழைய பேருதான் நிக்கும்."

"நிக்கட்டும்" என்றாள் சம்பூர்ணம். குரல் நடுங்கவில்லை மச்சான், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எங்க வூட்டுக்காரரு திருடருதான். சீமையில இருந்து இரும்பு பொம்மை வாங்கியாந்து ஏமாத்தினாரு. பொண்டாட்டியே சொன்னான்னு எழுதிக்கினு போங்க."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஆம்பளை, புத்தி சொல்லுவான் என்று நினைத்தார்கள் போல. பஸ்ஸில் அன்றைக்கு உன்னைத் திட்டினதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. பிறகு தொழில் குரல் தானாக வந்தது. "எறங்கு, எறங்கு! இதான் கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்கு!" கூடையையும் சால்வையையும் எடுத்து நானே ஜட்காவில் வைத்தேன். அப்புறம் கூடையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்தப் பசங்கள் நம் வீட்டுப் பசங்கள்தானே.

விழா நேற்று நடந்ததாம். உன் பேச்சே எடுக்கவில்லையாம். மாம்பழக் கூடை செய்தவனுக்குச் சால்வை போட்டார்களாம். போடட்டும். அந்தச் சால்வைக்கும் அந்தக் கூடைக்கும் பொருத்தம் சரியாகத்தான் இருக்கும்.

குழாயடியில் இப்போதும் அதே பேர்தான். சம்பூர்ணம் குடத்தை நிரப்பிக்கொண்டுதான் வருகிறாள். கழுத்தில் துரு வைத்த குண்டன் அலமாரியில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இது இன்னா, இரும்பா?" என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷமாக எவன் கேட்டாலும் சட்டையைப் பிடித்து, "கட்டைடா, கட்டை! எங்க மச்சான் பண்ணது!" என்று கத்தினவன் நான்.

இனிமேல் கத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு மச்சான். எவன் கேட்டாலும், கலெக்டரே வந்து கேட்டாலும், இரும்பு என்றுதான் சொல்வேன்.

உன் சம்சாரத்தின் அண்ணன், உன்னைத் திட்ட உரிமை உள்ள ஒரே மச்சான்,
ஏகாம்பரம்